கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள்: கணித ஆசிரியர் பதில்கள்

ஒழுங்குத் திண்மங்கள் ஐந்துதான் என்று என் மகள் மனப்பாடம் செய்கிறாள். ஆறாவதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லையா, அல்லது கண்டுபிடிக்கவே முடியாதா?
– வாசகி, திண்டுக்கல்

முடியவே முடியாது, அம்மா. ஏன் முடியாது என்பதை உங்கள் மகள் கத்தரிக்கோலும் அட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் தானே கண்டுகொள்வாள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு மிகவும் நல்லது.

ஒழுங்குத் திண்மத்தில் எல்லா முகங்களும் ஒரே அளவான ஒரே ஒழுங்குப் பலகோணம், எல்லா முனையிலும் அதே எண்ணிக்கையில் சேரும். ஒரு முனையில் குறைந்தது மூன்று முகங்கள் சேர வேண்டும். அங்கே சேரும் கோணங்களின் கூடுதல் 360 பாகைக்குக் குறைவாக இருந்தால்தான் அட்டை குவிந்து எழும். 360 ஆகிவிட்டால் தரையோடு தரையாகப் படுத்துவிடும். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60. மூன்று சேரலாம், நான்கு சேரலாம், ஐந்து சேரலாம், ஆறு சேர்ந்தால் தட்டை. சதுரம் மூன்று சேரலாம். ஒழுங்கு ஐங்கோணத்தின் கோணம் 108, அதிலும் மூன்றுதான். அறுகோணம் மூன்று சேர்ந்தாலே 360. வழி அடைபட்டுவிட்டது. நான்முகி, எண்முகி, இருபதுமுகி, கனசதுரம், பன்னிருமுகி என ஐந்து. யூக்ளிட் தம் நூலின் பதின்மூன்றாம் பாகத்தை இந்த வாதத்தோடுதான் முடிக்கிறார். (முகங்கள் ஒன்றையொன்று ஊடுருவும் நட்சத்திர வடிவங்களையும் ஏற்றுக்கொண்டால் இன்னும் நான்கு உண்டு. அது வேறு கதை.)

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு திண்மத்திலும் ஒரு முனையில் 360க்கு எவ்வளவு குறைகிறது என்று எழுதச் சொல்லுங்கள். நான்முகியில் 180 குறைகிறது, முனைகள் 4. எண்முகியில் 120, முனைகள் 6. கனசதுரத்தில் 90, முனைகள் 8. இருபதுமுகியில் 60, முனைகள் 12. பன்னிருமுகியில் 36, முனைகள் 20. பெருக்கிப் பார்க்கட்டும்: எல்லாமே 720! ஒழுங்கற்ற, கோணல்மாணலான பன்முகிக்கும், குறைவுகளை முனை முனையாகக் கூட்டினால், அதே 720தான். நடுவில் துளை இல்லாமல் இருந்தால் போதும்.

இதைக் கண்டவர் பிரெஞ்சுத் தத்துவ அறிஞரும் கணிதருமான ரெனே டெக்கார்ட். அவர் 1650இல் ஸ்டாக்ஹோமில் இறந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பாரிசுக்கு வரும் வழியில் படகோடு சேன் நதியில் மூழ்கின, மீட்டு உலர்த்தினார்கள். திண்மங்கள் பற்றிய பகுதியை 1676இல் ஜெர்மன் கணிதர் லைப்னிட்ஸ் தம் கையால் படியெடுத்தார். மூலம் பிறகு தொலைந்தே போயிற்று. லைப்னிட்ஸின் படி 1860இல்தான் ஹனோவரில் கிடைத்தது. அதற்குள் ஆய்லர் 1750இலேயே முனைகள் – விளிம்புகள் + முகங்கள் = 2 என்ற வாய்பாட்டை எழுதிவிட்டார். இரண்டும் ஒரே உண்மையின் இரு முகங்கள். ஒன்றிலிருந்து மற்றதைச் சில வரிகளில் வருவித்துவிடலாம்.

இங்கிலாந்தில் கால்பந்து மைதானத்துக்கு வழிகாட்டும் பலகையில் பந்து முழுவதையும் அறுகோணங்களாகவே வரைந்திருக்கிறார்கள். என் தம்பி படம் எடுத்து அனுப்பினான். நாம் விளையாடிய பந்தில் கறுப்பு ஐங்கோணங்கள் இருந்தனவே?
– வாசகர், நாகர்கோவில்

உங்கள் தம்பியின் கண்ணுக்கு என் பாராட்டு. அந்தப் பலகையில் இருப்பது இருக்கவே முடியாத பந்து. மேலே சொன்ன 720ஐ வைத்தே பார்த்துவிடலாம். முனைக்கு மூன்று ஒழுங்கு அறுகோணங்கள் சேர்ந்தால் குறைவு பூஜ்யம். எத்தனை ஆயிரம் ஒட்டினாலும் கூட்டுத்தொகை பூஜ்யம்தான். அட்டை வளையாது, மூடாது. வளைவைத் தருபவை ஐங்கோணங்கள். ஓர் ஐங்கோணம் தன் ஒவ்வொரு மூலையிலும் அறுகோணத்தைவிட 12 பாகை குறைவு. ஐந்து மூலைக்கும் சேர்த்து 60. அப்படியானால் 720க்கு எத்தனை ஐங்கோணம் வேண்டும்? பன்னிரண்டு. ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

1970இல் மெக்சிகோ உலகக் கோப்பைக்கு வந்த டெல்ஸ்டார் பந்தில் 12 கறுப்பு ஐங்கோணங்களும் 20 வெள்ளை அறுகோணங்களும் இருந்தன. முனைகள் 60, விளிம்புகள் 90. 1985இல் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகியோர் கண்டறிந்த அறுபது அணுக் கார்பன் மூலக்கூறும் அச்சாக இதே வடிவம். 1996இல் அவர்களுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எழுபது அணுக்கள் கொண்ட மூலக்கூற்றில் அறுகோணங்கள் 25 ஆகிவிடுகின்றன. ஐங்கோணங்கள் அங்கேயும் 12தான்.

கணிதத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்லும் மேட் பார்க்கர் 2017இல் அந்தப் பலகையைத் திருத்தக் கோரி மனுக் கொடுத்தார். இருபதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அரசு மாற்ற மறுத்துவிட்டது. நான் பார்க்கர் பக்கம்தான். சாலையோரம் தினமும் பார்க்கும் படத்திலிருந்துதான் குழந்தைகள் வடிவங்களைக் கற்கிறார்கள். அதைச் சரியாக வரைய ஆகும் செலவு வீண் செலவாகாது.

ஐயா, 18 சதுரமும் 8 முக்கோணமும் உள்ள ஆர்க்கிமிடீஸ் திண்மத்தைச் சார்ட் அட்டையில் செய்தேன். என் நண்பனும் செய்தான். இரண்டிலும் எல்லா முனையிலும் மூன்று சதுரம், ஒரு முக்கோணம். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏதோ வித்தியாசமாகத் தெரிகிறது. யாருடையது சரி?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், கும்பகோணம்

தம்பி, இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது உன்னுடையதுதான். "ஏதோ வித்தியாசம்" என்று உன் கண் சொன்னதை நம்பு.

(ஒன்றுக்கு மேற்பட்ட வகை ஒழுங்குப் பலகோணங்களை முகங்களாகக் கொண்ட சமச்சீர்த் திண்மங்களைத்தான் ஆர்க்கிமிடீஸ் திண்மங்கள் என்கிறோம்.) திண்மத்தை மேசைமேல் வை. நடுவில் எட்டுச் சதுரங்கள் சுற்றிவரும் ஒரு பட்டை தெரியும். அதன் மேலே ஒரு மூடி: உச்சியில் ஒரு சதுரம், அதன் நான்கு பக்கமும் சரிந்த நான்கு சதுரங்கள், இடைவெளிகளில் நான்கு முக்கோணங்கள். கீழேயும் அப்படியே. மேல் மூடியை மட்டும் கழற்றி 45 பாகை திருப்பி ஒட்டு. விளிம்புகள் பொருந்தும். ஒவ்வொரு முனையிலும் முன்போலவே மூன்று சதுரம், ஒரு முக்கோணம். உங்கள் இருவரில் ஒருவர் தெரியாமலே இப்படித் திருப்பி ஒட்டியிருக்கிறீர்கள்.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். பென்சிலால் எட்டுச் சதுரப் பட்டைகளைத் தேடு. ஒரு சதுரத்தில் நுழைந்து எதிர்ப்பக்கத்தின் வழியாக வெளியேறி, மறுபடி சதுரத்துக்கே போக வேண்டும். ஆர்க்கிமிடீஸ் திண்மத்தில் இப்படி மூன்று பட்டைகள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் செல்லும். திருப்பியதில் ஒன்றே ஒன்று. மற்ற எந்தப் பாதையில் போனாலும் பென்சில் ஒரு முக்கோணத்தில் போய் முட்டும்.

இப்போது சமச்சீருக்கு வா. திண்மம் இருந்த இடத்தில், இருந்த மாதிரியே மறுபடி உட்காரும்படி எத்தனை விதமாகத் திருப்பி வைக்கலாம்? சும்மா விட்டுவிடுவதையும் ஒன்றாக எண்ணிக்கொள். ஆர்க்கிமிடீஸ் திண்மத்துக்கு 24 விதம், கனசதுரத்துக்கு உள்ளது போலவே. அதன் முனைகளும் 24. எந்த முனையையும் வேறெந்த முனையின் இடத்துக்கும் கொண்டுபோகலாம், அதுவும் சரியாக ஒரே ஒரு திருப்பத்தால். திருப்பி ஒட்டியதிலோ 8 விதம்தான். மூடியின் உச்சிச் சதுரத்தைச் சுற்றியுள்ள ஒரு முனையில் சிவப்பு மை வைத்துப் பார்: அதை மறுமூடியின் உச்சி முனைகளுக்குக் கொண்டுபோகலாம், நடுப்பட்டையின் பதினாறு முனைகளில் ஒன்றுக்குக்கூடக் கொண்டுபோக முடியாது. கண்ணாடியில் பிரதிபலிக்கவிட்டாலும் முடியாது. ஒவ்வொரு முனையும் பக்கத்தில் இருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கிறது, ஆனால் முழுத் திண்மத்தில் அவை வகிக்கும் இடம் ஒன்றல்ல. சமச்சீர் ஒரு மூலையின் அழகில் இல்லை, முழுத் திண்மமும் எந்தெந்தத் திருப்பங்களுக்கு இடம் தருகிறது என்பதில்தான் இருக்கிறது. இந்த ஒன்றை என் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வழுக்கலில் பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். பட்டக வகைகளை விலக்கினால் ஆர்க்கிமிடீஸ் திண்மங்கள் 13 என்று 1619இல் கெப்ளர் நிறுவினார். ஆனால் "எல்லா முனையும் ஒன்றுபோல" என்று மட்டும் வரையறை எழுதினால் உங்கள் இருவரின் திண்மமும் உள்ளே வந்துவிடும், எண்ணிக்கை 14 ஆகிவிடும். அந்த வரையறையை எழுதிவிட்டு 13 என்று சொல்லும் நூல்கள் எவ்வளவு காலமாக வருகின்றன என்பதைப் கணிதர் பிராங்கோ குரூன்பாம் 2009இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். இரண்டு மாதிரிகளையும் எறிந்துவிடாமல் பள்ளியில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

எந்தப் பன்முகியையும் விளிம்புகளில் வெட்டி ஒரே துண்டாக விரித்துவிட முடியுமா?
– வாசகி, சேலம்

1525இல் ஓவியர் டியூரர் தம் அளவியல் நூலில் இப்படிப் பல திண்மங்களை விரித்து வரைந்தார். கனசதுரத்தை 11 விதமாக விரிக்கலாம்; அதை வீட்டுப்பாடமாகத் தருகிறேன். உட்குழிவில்லாத எல்லாப் பன்முகிகளுக்கும், ஒன்றன்மேல் ஒன்று படியாத விரிப்பு கட்டாயம் உண்டா என்று 1975இல் கணிதர் ஷெப்பர்ட் கேட்டார். இன்றுவரை யாரும் நிறுவவுமில்லை, எதிர் உதாரணம் காட்டவுமில்லை.

சைக்கிள் வால்வு டியூபும் ஈர்க்குச்சியும் வைத்து மாணவர்கள் திண்மங்கள் செய்கிறார்கள். எண்முகி உறுதியாக நிற்கிறது, கனசதுரம் சாய்ந்துவிடுகிறது. ஏன்?
– ஆசிரியை, புதுக்கோட்டை

முக்கோணத்தின் பக்கங்களைப் பொருத்திவிட்டால் கோணங்கள் மாறாது, சதுரம் சாய்சதுரமாகிவிடும். உட்குழிவில்லாத பன்முகியின் முகங்கள் வளையாதவையாக இருந்தால் முழுத் திண்மமும் அசையாது என்று 1813இல் பிரெஞ்சுக் கணிதர் கோஷி நிறுவினார். குச்சிக் கூட்டில் முக்கோண முகம் மட்டுமே தானாக வளையாமல் நிற்கிறது.

குச்சிகளை எண்ணியும் பார்க்கலாம். ஒரு கூடு உறுதியாக நிற்க, முனைகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஆறைக் கழித்தால் வரும் அளவு குச்சியாவது வேண்டும். எண்முகிக்கு 6 முனைகள், தேவை 12, இருப்பதும் 12. கனசதுரத்துக்கு 8 முனைகள், தேவை 18, இருப்பது 12. ஆறு குறைகிறது, முகங்களும் ஆறு. முகத்துக்கு ஒரு மூலைவிட்டம் போடச் சொல்லுங்கள். விளிம்பு 10 செ.மீ. என்றால் மூலைவிட்டக் குச்சி 14.1 செ.மீ. அந்த ஆறு குச்சிகளும் நான்கே முனைகளில் சந்திக்கும்படி போட்டால் கனசதுரம் நிற்பதோடு, உள்ளே ஓர் ஒழுங்கு நான்முகியும் கிடைக்கும். அந்த நான்கு முனைகளில் ஆறு குச்சிகள் சேரும் என்பதால் அங்கே வால்வு டியூப் துண்டுகளைக் கொஞ்சம் நீளமாகவே வெட்டுங்கள்.