லத்தீனோ கலைன்னு தனியா ஒண்ணு இருக்கா, இல்ல சும்மா ஒட்டுன லேபிளா? (லத்தீனோன்னா மெக்சிகோ, கியூபா மாதிரி லத்தீன் அமெரிக்க நாடுகள்ல வேர் இருக்கற அமெரிக்க ஜனங்க.)

இதே கேள்விய 2013லயே ஒரு லத்தீனோ கலைக் கண்காட்சியப் பத்தி வாஷிங்டன் போஸ்ட் பேப்பர்ல பிலிப் கென்னிகாட்ங்கற விமர்சகர் கிளப்பி, அந்த வகைப்பாட்டுக்கே அர்த்தம் இல்லன்னு எழுதிட்டாரு. அலெக்ஸ் ரிவேராங்கற சினிமா டைரக்டர் பேஸ்புக்ல அவரப் பிடிபிடின்னு பிடிச்சாரு, அப்புறம் அவங்க ரெண்டு பேரும் வாதாடுனத அந்தப் பேப்பரே போட்டுச்சு. அவங்க சண்டை போட்ட கண்காட்சிய நேர்ல பாத்தவன் நான், அதான் பதில் எழுத வந்தேன்.

"நம்ம அமெரிக்கா"ன்னு பேரு. வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் அமெரிக்கன் ஆர்ட் மியூசியம், 72 ஆர்ட்டிஸ்ட், 92 படைப்பு. ஜனவரி குளிர்ல நானும் ரூம்மேட்டும் பத்து மணிக்கே போய் நின்னா, கதவு தொறக்குறதே பதினொன்றரைக்குத்தானாம். வெளில லூயிஸ் ஹிமெனெஸ் செஞ்ச ஃபைபர்கிளாஸ் சிலை ஒண்ணு, எகிறிக் குதிக்கற நீலக் குதிர மேல கையில துப்பாக்கியோட ஒரு ஆளு. பேரு "வாக்கேரோ". ஸ்பானிஷ்ல வாக்கான்னா பசு, அப்ப வாக்கேரோ சாட்சாத் மாட்டுக்காரன்தான். ஹாலிவுட் நமக்குக் காட்டுன கௌபாய்க்கெல்லாம் தொழில் கத்துக்குடுத்தவன் இந்த மெக்சிகோ மாட்டுக்காரன்.

அந்தக் கட்டடத்தப் பத்தியும் சொல்லணும். 1836ல கட்ட ஆரம்பிச்ச பழைய பேட்டன்ட் ஆபீஸ் அது. புதுசா எதையாவது கண்டுபிடிச்சவன் குட்டியா மாடல் செஞ்சு கொண்டாந்து குடுக்கணும், அதையெல்லாம் கண்ணாடி அலமாரில அடுக்கி ஜனங்களுக்குக் காட்டுனாங்க. உள்நாட்டுப் போர் வந்ததும் அதே அலமாரிங்களுக்கு நடுவுல கட்டிலப் போட்டு ஆஸ்பத்திரி ஆக்கிட்டாங்க, கவிஞர் வால்ட் விட்மன் வந்து அடிபட்ட சிப்பாய்ங்க பக்கத்துல உக்காந்துருக்காரு. 1865ல லிங்கனோட ரெண்டாவது பதவியேற்புக்கு டான்ஸ் பார்ட்டியும் இங்கதான். இவ்ளோ கதை இருக்கற கட்டடத்த 1953ல இடிச்சுட்டு கார் பார்க்கிங் கட்டலாம்னு மசோதா கொண்டு வந்தாங்க பாருங்க, நல்லவேளை தப்பிச்சுது!

இந்த மியூசியத்த நடத்தற ஸ்மித்சோனியன் நிறுவனம் லத்தீனோக்கள வேணும்னே ஒதுக்கி வச்சிருக்குன்னு 1994ல ஒரு ரிப்போர்ட் வந்துச்சு, வெளியாளு எழுதுனது இல்ல, ஸ்மித்சோனியனே அமைச்ச குழு. அதான் கென்னிகாட் சொன்னதுல பாதிய மட்டும் நான் ஒத்துக்கறேன். டெக்சாஸ் மெக்சிகோக்காரர், நியூயார்க் போர்ட்டோ ரிக்கோக்காரர், மயாமி கியூபாக்காரர்னு ஒவ்வொருத்தர் கதையும் வேற, வரையறதும் வேற. ஆனா மூணு பேரையும் வாசல்லயே நிக்க வச்சது ஒரே வீடுதானே.

அமாலியா மேசா-பெய்ன்ஸ் செஞ்ச ஒண்ணு இருந்துச்சு, மெக்சிகோ நடிகை டோலோரஸ் டெல் ரியோவுக்காக. டிரஸ்ஸிங் டேபிள் மாதிரி அமைப்பு, போட்டோ, கண்ணாடி, பளபளன்னு துணி, தரையில காஞ்ச பூ. "டேய், கொலுடா"ன்னான் ரூம்மேட். கொலு இல்லடா, படையல். ஒஃப்ரெண்டான்னு அவங்க சொல்றதே செத்தவங்களுக்குப் பிடிச்சதையெல்லாம் எடுத்து வச்சுப் படைக்கறது.

என்னால நகர முடியாமப் போனது பெப்போன் ஒசோரியோவோட ஷாண்டிலியர், அதாவது கூரையிலேர்ந்து தொங்கற அலங்கார விளக்குகிட்டதான். 1988ல செஞ்சது. ஒசோரியோ போர்ட்டோ ரிக்கோக்காரரு, நியூயார்க் பிராங்க்ஸ் பகுதில சோஷியல் ஒர்க்கரா வேலை பாத்தவரு, அங்க அவங்க ஜனங்களோட சின்னச் சின்ன அபார்ட்மென்ட்ல எல்லாம் தொங்கற ஷாண்டிலியரப் பாத்துட்டு இதச் செஞ்சாராம். நிஜமான விளக்குதான், ஆனா கண்ணாடித் தொங்கலுக்கு நடுவுல இண்டு இடுக்கு விடாம பிளாஸ்டிக் பொம்மை, டாமினோ கட்டை, குட்டிப் பனை மரம், முத்துச் சரம், எல்லாம் ரோட்டுக்கடைல சில்லறைக்கு வாங்கற சாமான். தூரத்துல பாத்தா அரண்மனை விளக்கு, கிட்டப் போனா பொம்மைக்கடை. லிங்கனுக்காக பார்ட்டி நடந்த கட்டடத்துல இது தொங்குதேன்னு நெனச்சப்ப எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, என்னமோ தொண்டையும் அடைச்சுது.

பக்கத்துல ஒரு வயசான அம்மா பேத்தியோட நின்னாங்க. பேத்திகிட்ட ஸ்பானிஷ்ல என்னமோ சொல்லிட்டு, நான் முழிக்கறதப் பாத்து இங்கிலீஷ்ல சொன்னாங்க, "எங்க அக்கா வீட்டுல இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு, வாரா வாரம் தூசி தட்டுறது என் வேல, எனக்கு இதக் கண்டாலே ஆகாது." சொல்லிட்டு அத முழுசா ரெண்டு தடவ சுத்தி வந்தாங்க.