குறுக்குவில் அம்புக் காயம்: சட்ட மருத்துவக் கேள்வி பதில்

குறுக்குவில் என்பது துவக்குப் போல விசையை அமத்தி அம்பு எய்யும் வில். அதைப் பற்றித் திருகோணமலைப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

உப்புவெளித் தம்பி ஒருவர்: டொக்டர், அம்பை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டால், அது துவக்குச் சூடு இல்லை என்று எப்படித் தெரியும்?

வேட்டை அம்பு என்றால் சிரமமில்லை, தம்பி. முனையில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு வெட்டும் அலகு இருக்கும். தோலிலும் அத்தனை கதிராக வெட்டு விழும், ஓரம் பிளேட்டால் கீறியது போலச் சுத்தமாக இருக்கும். தொல்லை தருவது பயிற்சி அம்பின் முனைதான். கூம்பு வடிவம், வட்டத் துளை, சிலவேளை சுற்றிவரத் தோல் உராய்ந்த வளையம். பார்த்த மாத்திரத்தில் துவக்குச் சன்னம் (குண்டு) பட்டது என்றே தோன்றும். ஆனால் எவ்வளவு கிட்ட நின்று எய்தாலும் புகைக்கரியோ வெடிமருந்துத் துகளோ படியாது, எக்ஸ்ரேயில் ஈயத் துணுக்கும் தெரியாது. அப்புறம் ஒரு சிக்கல்: தூரத்திலிருந்து சுட்ட சன்னம் உடலைத் துளைத்து வெளியே போயிருந்தாலும் இவை இல்லாமல் போகலாம். அதனால் தோலை மட்டும் பார்த்து முடிவு சொல்லமாட்டேன். உடுப்பில் உள்ள துளை, எலும்பில் உள்ள துளை, உள்ளே போன பாதை எல்லாம் பார்க்கவேண்டும்.

கிண்ணியா வாசகர்: சன்னத்தைவிட வேகம் குறைவுதானே?

குறைவுதான். 25 கிராம் அம்பு செக்கனுக்கு 100 மீற்றர் போனால் சக்தி 125 ஜூல். 9 மில்லிமீற்றர் பிஸ்டல் சன்னத்தில் ஏறக்குறைய கால்வாசி. ஆனால் அவ்வளவும் ஒரு கூர்முனையில் குவிகிறது, மண்டையோட்டையே துளைக்கும். சுற்றியுள்ள தசையைச் சிதைக்காது, வெட்டிக்கொண்டு போகும். பெரிய இரத்தக் குழாய் அறுந்தால் சாவு இரத்தப்பெருக்கால்தான்.

மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி: குத்தி நிற்கும் அம்பைப் பிடுங்கலாமா?

கூடவே கூடாது. தண்டு அடைப்பாக நிற்பதாலேயே ஆஸ்பத்திரி வரை உயிரோடு வந்தவர்கள் உண்டு. இறந்தவர் என்றாலும் முதலில் படம், எக்ஸ்ரே, பிறகுதான் கழற்றுவது. தண்டில் கைரேகை இருக்கலாம், வெறுங்கையால் தொடாதீர்கள்.

கன்னியா வாசகர்: பன்றிக்குப் பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்குக் காயத்தோடு குழம்பாதா?

அநேகமாக இல்லை. அது பெரும்பாலும் காலில்தான் படும்; கரியும் இரும்புத் துண்டுகளும் கிடக்கும்.

அதே வாசகர்: தற்கொலையா கொலையா என்று நீங்களா சொல்வீர்கள்?

காயத்தின் இடம், திசை, விசையைத் தன் கையாலேயே அமத்த எட்டுமா என்பதை எழுதுவேன். மரண விசாரணை நீதிவானுடையது. இறந்தவரின் கை நீளத்தை அளக்காமல் அறிக்கை கொண்டுவரும் இளம் டொக்டர்மாருக்கு மட்டும் என்னிடம் ஏச்சு விழும்.