ஆர்ஓடிசி உதவித்தொகையில் எந்தப் பாடம் எடுப்பது? கேள்வி பதில்

அமெரிக்காவில் கல்லூரிச் செலவை ராணுவம் ஏற்று, பட்டம் வாங்கியதும் அதிகாரியாகச் சேர்த்துக்கொள்ளும் திட்டம்தான் ஆர்ஓடிசி. நான் கடற்படைப் பிரிவில் அப்படிப் படித்தவன். பிறகு மூன்று வருடம் ஒரு கல்லூரியில் அந்த மாணவர்களுக்கு ஆலோசகராகவும் இருந்தேன். அதனால் கடற்படை பற்றி நீளமாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் சொல்வேன்.

கேள்வி (டெக்சாஸிலிருந்து ஒரு அம்மா): மகனுக்கு வரலாறு என்றால் உயிர். கடற்படை உதவித்தொகைக்கு அதைப் போட்டால் கிடைக்காதா?

பதில்: கிடைக்கலாம் அம்மா, ஆனால் இடம் குறைவு. கடற்படை பாடங்களை மூன்று அடுக்காகப் பிரித்திருக்கிறது. முதலில் முக்கியமான இன்ஜினியரிங் பிரிவுகள், அடுத்து கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்றவை, மற்ற எல்லாம் மூன்றாவது அடுக்கு. பெரும்பாலான உதவித்தொகை முதல் இரண்டுக்கே போகிறது. வரலாறு எடுத்தாலும் கணக்கிலிருந்து தப்ப முடியாது, அதுதான் பலருக்குத் தெரிவதில்லை. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் இரண்டு செமஸ்டர் கால்குலஸ், மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் கால்குலஸ் வைத்து நடத்தும் இயற்பியல் இரண்டு செமஸ்டர், இரண்டும் கட்டாயம். மரைன் பிரிவில், அதாவது கடலிலிருந்து இறங்கித் தரையில் போரிடும் படைக்கான பிரிவில், இந்தக் கட்டாயம் கிடையாது. ஆனால் வரலாறு படிப்பதற்காக மட்டும் மரைனில் போட வேண்டாம், அது முற்றிலும் வேறு வாழ்க்கை.

கேள்வி: மகளுக்கு கிரீன் கார்டு இருக்கிறது. விண்ணப்பிக்கலாமா?

பதில்: உதவித்தொகைக்குக் குடியுரிமை வேண்டும். அவளுக்குப் பதினெட்டு ஆவதற்குள் உங்களில் ஒருவர் குடியுரிமை வாங்கி, கிரீன் கார்டுள்ள அவள் அந்தப் பெற்றோரின் பொறுப்பில் உடன் வசித்தால், சட்டப்படி அவளும் தானாகவே குடிமகள். பாஸ்போர்ட்டை உடனே எடுத்து வையுங்கள்.

கேள்வி (ஒரு தம்பி, பதினோராம் வகுப்பு): அண்ணா, நீர்மூழ்கிக் கப்பலில் போக நியூக்ளியர் இன்ஜினியரிங்தான் படிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஒரு வருட கால்குலஸும் ஒரு வருட இயற்பியலும் நல்ல மதிப்பெண்ணோடு இருந்தால் மற்றப் பாடக்காரர்களும் போகலாம், இன்ஜினியரிங்கும் இயற்பியலும் படித்தவர்கள்தான் அதிகம் என்றாலும். தேர்வு வாஷிங்டனில் நடக்கும். முதலில் கரும்பலகை முன்னால் நிறுத்திக் கணக்கும் இயற்பியலும் கேட்பார்கள். கடைசியில் கடற்படை அணு உலைகளுக்குத் தலைவரான நான்கு நட்சத்திர அட்மிரலே நேரில் பேசுவார். அமெரிக்க அணுசக்திக் கடற்படையை உருவாக்கிய ஹைமன் ரிக்கோவர் காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. ‘இந்த செமஸ்டரில் ஏன் மதிப்பெண் குறைந்தது’ என்று கேட்டால் நேர்மையாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

கேள்வி: தரைப்படைக்கு எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) நல்லது?

பதில்: நர்சிங் போன்ற சிலதைத் தவிர்த்தால் தரைப்படை பாடத்தில் தாராளம். பின்னால் எந்தப் பிரிவு கிடைக்கும் என்பதில் ஜிபிஏவுக்கு, அதாவது கல்லூரி மதிப்பெண் சராசரிக்கு, பெரிய பங்கு உண்டு. நன்றாகச் செய்யக்கூடிய பாடத்தை எடுங்கள்.

கேள்வி (மதுரையிலிருந்து): பன்னிரண்டில் காமர்ஸ். எனக்கு இது கிடைக்குமா?

பதில்: இது அமெரிக்கக் குடிமக்களுக்கான திட்டம். நீங்கள் இந்தியாவில் யுபிஎஸ்சி நடத்தும் என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வைப் பாருங்கள். அதில் தரைப்படைக்கு எந்தப் பிரிவும் சரி, கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும்.

கேள்வி (ஒரு அப்பா): இன்ஜினியரிங் என்று எழுதி உதவித்தொகை வாங்கிவிட்டு, அப்புறம் எகனாமிக்ஸுக்கு மாறிக்கொண்டால் என்ன? தெரிந்தவர் பையன் அப்படித்தான் செய்தான்.

பதில்: செய்யாதீர்கள் ஐயா. அந்தப் பாடத்தை நம்பித்தான் பணமே கொடுக்கிறார்கள். மேல் அடுக்கிலிருந்து மூன்றாவதற்கு மாற அனுமதி வாங்க வேண்டும், கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, உதவித்தொகையே போகலாம். முதல் ஆண்டில் விலகினால் கடன் இல்லை. இரண்டாம் ஆண்டு தொடங்கிய பிறகு வெளியேற்றப்பட்டால் செலவழித்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அல்லது சாதாரணச் சிப்பாயாகச் சேவை செய்யச் சொல்லலாம். தெரிந்தவர் பையனுக்கு நடந்ததை வைத்து உங்கள் பையனின் நான்கு வருடத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

இடையில் ஒரு அக்கா: பதினேழு வயதில் மனம் மாறாதா? அதைத் தப்பு என்பது நியாயமா?

பதில்: மனம் மாறுவது வேறு அக்கா, அதை நான் குறை சொல்லவில்லை. எனக்கே நடந்தது. வீட்டில் ஆசைப்பட்டார்கள் என்று எலக்ட்ரிகல் எடுத்தேன், இரண்டாம் ஆண்டில் மதிப்பெண் சரிந்தது, ஒரு செமஸ்டர் உதவித்தொகையை நிறுத்தி வைத்தார்கள், அப்பா சேமிப்பை உடைத்துப் பணம் கட்டினார். அப்புறம் ஆலோசகரிடம் போய் உண்மையைச் சொன்னேன், கணிதத்துக்கு மாற அனுமதி கிடைத்தது, அது இரண்டாம் அடுக்கு என்பதால். மாறப் போகிறோம் என்று தெரிந்தே விண்ணப்பத்தில் வேறு எழுதுவதுதான் தப்பு. உண்மையிலேயே இன்ஜினியரிங் படிக்க ஆசைப்பட்ட இன்னொரு பிள்ளையின் இடம் அது.

அதே அப்பா: மனம் மாறினானா, முதலிலேயே திட்டமிட்டானா, யாருக்குத் தெரியப் போகிறது?

பதில்: உங்கள் பையனுக்குத் தெரியும். நாளைக்கு அவன் கையெழுத்தை நம்பித்தான் கப்பலில் ஒருவன் இயந்திர அறைக்குள் இறங்குவான். இதற்கு மேல் இதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: டாக்டராக வேண்டும். கடற்படை ஆர்ஓடிசியில் பயாலஜி எடுக்கட்டுமா?

பதில்: இந்த வழியாக மருத்துவம் போகிறவர்கள் மிகக் குறைவு. இது கப்பலுக்கும் விமானத்துக்கும் அதிகாரிகளை உருவாக்கும் திட்டம். மருத்துவக் கல்லூரி சேரும்போது, மருத்துவ மாணவர்களுக்கு ராணுவம் தரும் எச்பிஎஸ்பி உதவித்தொகையைப் பாருங்கள்.

கேள்வி: கிரீன் கார்டு இருந்தால்…

பதில்: மேலே இரண்டாவது கேள்வி.

கேள்வி (நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தங்கை): டபுள் மேஜர் எடுக்கலாமா அண்ணா? கம்ப்யூட்டர் சயின்ஸும் மொழியியலும்.

பதில்: எடுக்கலாம்மா, எட்டு செமஸ்டருக்குள் முடிந்தால். கடற்படை வகுப்புகள், உடற்பயிற்சி, ஆய்வகம் எல்லாம் இதற்கு மேல் வரும். சேருவதற்கு முன் எட்டு செமஸ்டருக்கும் பாடங்களை ஒரு தாளில் எழுதிப் பார். கால்குலஸும் இயற்பியலும் முதல் நான்கு செமஸ்டருக்குள் வந்துவிட்டால் நல்லது. மொழியியல் அதில் உட்காரவில்லை என்றால் மைனராக (துணைப் பாடமாக) வைத்துக்கொள். எழுதிய தாளை எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.