கைகாட்டி சொல்லும் தேதி

அன்புள்ள ஐயா,

இரவு பத்து மணிக்கு மேல், ரயில் ஓட்டும் கணினி விளையாட்டில் இங்கிலாந்தின் பழைய ரயில் பாதை ஒன்றைக் கட்டிக்கொண்டிருப்பதாகச் சென்ற மாதம் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். பிளஸ் ஒன் படிக்கும் என் மகனுக்கும் அதே பைத்தியம். வாங்கிய பாதைகளில் ஓட்டி அலுத்துவிட்டது, இனி தானே ஒன்றைக் கட்டப்போகிறானாம். அதுவும் வெள்ளைக்காரன் ஊர் ரயில்தான் வேண்டுமாம். மூடிப்போன அந்நிய ஊர் ரயிலில் என்னடா இருக்கிறது என்று கேட்டால், "என்ஜின் செமயா இருக்கும்ப்பா" என்பதோடு சரி.

என் அப்பா மீட்டர்கேஜ் காலத்து ஸ்டேஷன் மாஸ்டர். ஒரு நாள் பேரனின் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சிங்கிள் லைன்ல போறியே, டோக்கன் யாருடா குடுத்தா?" என்று கேட்டார். அவன் விழித்தான்.

இது விளையாட்டா, வரலாறா, வெறும் நேரக்கொலையா? அவன் கட்டித்தான் ஆவேன் என்றால் எங்கே ஆரம்பிக்கச் சொல்வது?

எஸ்.,
விருதுநகர்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கேட்டதையெல்லாம் விட உங்கள் அப்பா கேட்டதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கட்டுவது சாமர்செட் அண்ட் டார்செட் ரயில்வே. இங்கிலாந்தின் தென்மேற்கில் பாத் நகரில் கிளம்பி, மெண்டிப் குன்றுகளில் ஏறி இறங்கி, தெற்குக் கடற்கரையின் போர்ன்மத்துக்குப் போகும் 71 மைல் சொச்சம். ஊர்க்காரர்களுக்கு அது 'எஸ் அண்ட் டி'. கடுப்பில் இருந்தால் 'ஸ்லோ அண்ட் டர்ட்டி'. 1966 மார்ச் 7 அன்று மூடினார்கள். 2007இல் வந்த 'ரயில் சிமுலேட்டர்' என்ற விளையாட்டில் பாத்திலிருந்து டெம்பிள்கோம்ப் வரையிலான பகுதி இருந்தது. அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஓட்டினேன், பிடித்தது, அப்புறம் ஒவ்வொன்றாகச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தவன் சொந்தமாகக் கட்ட ஆரம்பித்துவிடுவான். உங்கள் மகனும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறான் என்று நினைக்கிறேன்.

பாத்தை விட்டதும் மிட்ஃபோர்டு வரை ஒற்றைத் தடம். ஒற்றைத் தடத்தில் நுழைய டிரைவர் கையில் கொடுக்கும் அனுமதிதான் உங்கள் அப்பா கேட்ட டோக்கன். அங்கே அதற்குப் பதில் டேப்லெட். வட்டமான உலோக வில்லை, அதில் அந்தப் பகுதியின் பெயர். பகுதியின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கருவி, இரண்டும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு வில்லை வெளியே இருக்கும்வரை எந்த முனையிலும் அடுத்தது வராது. அது கையில் இல்லாமல் டிரைவர் அந்தத் தடத்தில் நுழையக் கூடாது. இதையெல்லாம் உங்கள் அப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் கையாண்டதும் இதே குடும்பத்துப் பொருள்தான், அதே நாட்டிலிருந்து வந்த யோசனை. எஸ் அண்ட் டி-யில் ஒரு கூடுதல் சாமர்த்தியம் உண்டு. அதன் என்ஜின் பிரிவுத் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் விட்டேகர், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வில்லையைக் கொடுத்து வாங்கும் கருவியை வடிவமைத்தார். என்ஜினில் ஒரு கை, தடத்தோரக் கம்பத்தில் ஒரு கை. வேகத்தை அதிகம் குறைக்காமலே பரிமாற்றம் முடிந்துவிடும்.

சிமுலேட்டருக்கு இது எதுவும் தேவையில்லை. எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று கணினிக்கு ஒவ்வொரு நொடியும் தெரியும். தடம் காலி என்றால் கைகாட்டியை இறக்கிவிடும். 1876 ஆகஸ்ட் 7 அன்று மனிதர்களுக்கு அது தெரியவில்லை. அன்று விடுமுறை நாள், கால அட்டவணையில் இல்லாத சிறப்பு வண்டிகள் ஏராளம். எஸ் அண்ட் டி-யின் ராட்ஸ்டாக்குக்கும் வெல்லோவுக்கும் நடுவே ஒற்றைத் தடத்தில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. அப்போது அங்கே டேப்லெட் கிடையாது. தந்தியும் ஆட்களின் கவனமும்தான் காவல், அன்று இரண்டுமே கைவிட்டன.

அதனால் என் இரவுகளில் பாதி, கணினிக்குத் தெரிந்ததை மறைப்பதில்தான் போகிறது. வேடிக்கையான வேலைதான். எல்லாம் அறிந்த ஒரு இயந்திரத்தை, பக்கத்து ஸ்டேஷனில் என்ன நடக்கிறது என்றே அறியாத, சிக்னல் இயக்கும் ஒரு கேபின்காரனின் நிலைக்கு இறக்க வேண்டும்.

நிலத்திலும் இதே கதைதான். பிரிட்டனில் லைடார் என்னும் லேசர் அளவீட்டு உயரத் தரவுகளை 2015 முதல் இலவசமாகத் தருகிறார்கள். ஆளுயரக் கரையைக்கூடக் காட்டும் துல்லியம். மகிழ்ச்சியோடு இறக்கி, அதன்மேல் தண்டவாளத்தைப் போட்டேன். பாத்தை விட்டுக் கிளம்பிய என் முதல் வண்டி நேராக மண்ணுக்குள் போய்விட்டது. டெவன்ஷயர் சுரங்கப்பாதைக்குப் போகும் வெட்டுப் பள்ளத்தை ரயில் நின்ற பிறகு மண்போட்டு மூடிப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். சுரங்கத்தின் வாயே புதைந்து கிடந்து, 2013இல் சைக்கிள் பாதை திறப்பதற்காகத் தோண்டி எடுத்தார்கள். லைடார் பொய் சொல்லவில்லை, இன்றைய நிலத்தைச் சொன்னது. நான் கேட்டது வேறு நிலம்.

வேறு நிலத்துக்குப் பழைய வரைபடம் வேண்டும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பிரிட்டனின் அரசு நில அளவைத் துறையான ஆர்டனன்ஸ் சர்வேயின் பழைய படங்கள் கிடைக்கின்றன. மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் வரைந்தவை. இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் அதை வைத்து, மெல்ல மெல்ல மங்கச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு பக்கத்தடமும் இருக்கும். S.P. என்று போட்டிருந்தால் சிக்னல் கம்பம், S.B. என்று போட்டிருந்தால் சிக்னல் கேபின். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே எழுத்தாகிவிடுகிறது, படத்தில் அந்தக் குழப்பம் இல்லை. மகனிடம் இந்தத் தளத்தை மட்டும் காட்டிவிட்டு ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

அடுத்த சிக்கல்தான் ஆரம்பக்காரர்கள் எல்லோரும் வழுக்கும் இடம். "எஸ் அண்ட் டி-யைக் கட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்தத் தேதி? பாதையைக் கட்ட முடியாது, பாதையின் ஒரு நாளைத்தான் கட்ட முடியும். சரக்கு வண்டிகளுக்காகவே இந்தப் பாதைக்கென்று 7எஃப் வகை என்ஜின்கள் மொத்தம் 11 செய்தார்கள், 1914இல் ஆறு, 1925இல் ஐந்து. 1925இல் 89 என்ற எண்ணோடு வந்த என்ஜின், கைமாறிக் கைமாறி, தேசிய ரயில்வே காலத்தில் 53809 ஆனது. நெற்றியில் 53809 எழுதிய என்ஜினை 1930க்கு முந்தைய நீல நிறப் பெட்டிகளின் முன் மாட்டினால், காந்தி தண்டி யாத்திரையில் கைபேசி பார்ப்பது போல.

கைகாட்டியும் தேதி சொல்லும். 1930இல் பாதையின் கட்டுமானமும் சிக்னலும் இங்கிலாந்தின் சதர்ன் ரயில்வேயின் பொறுப்புக்கு வந்தன. சதர்ன்காரர்கள் சிக்கனமானவர்கள், தேய்ந்த தண்டவாளங்களைச் சேர்த்து முடுக்கியே சிக்னல் கம்பம் செய்துவிடுவார்கள். வண்டிக்கு வழி விடும்போது அதன் கை மேல்நோக்கி உயரும், பழையவற்றில் கீழ்நோக்கி இறங்கும். ஒரே ஸ்டேஷனில் இரண்டும் கலந்து நிற்கும். எது எங்கே, எப்போது மாறியது என்று ஒரு புகைப்படத்திலிருந்து இன்னொரு புகைப்படத்துக்குத் தாவித் தாவிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கம்பத்துக்காக மூன்று வாரம் அலைந்திருக்கிறேன். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள், சொல்லவில்லை.

புகைப்படங்களுக்கு இந்தப் பாதை கொடுத்துவைத்தது. ஐவோ பீட்டர்ஸ் என்ற பாத்காரர், தன் பென்ட்லி காரில் வண்டிகளைத் துரத்தித் துரத்தி எடுத்துவைத்த படங்கள் இல்லையென்றால் நாங்கள் பாதிக் குருடர்கள். ஆனால் எந்த ரயில் புகைப்படக்காரரும் என்ஜினைத்தான் எடுப்பார். கரி முற்றத்தின் பின்சுவர், ஸ்டேஷனுக்குப் பின்னால் கழிப்பறை இருந்த திசை, இவையெல்லாம் தற்செயலாக ஓரத்தில் விழுந்தால்தான் உண்டு. நான் படங்களில் என்ஜினைப் பார்த்து வெகுநாள் ஆகிறது.

நான் எடுத்துக்கொண்டது 1950களின் ஒரு கோடைச் சனிக்கிழமை. வடக்குத் தொழில் நகரங்களிலிருந்து கடற்கரைக்குப் போகும் கூட்டம் முழுவதும் இந்த ஒற்றைத் தடத் தொண்டைக்குள் நுழையும் நாள். மலை ஏற்றம் 50க்கு 1. அதாவது ஐம்பது அடி போனால் ஒரு அடி உயரும். காரில் போனால் கவனிக்கக்கூட மாட்டீர்கள். நீராவி என்ஜினுக்கு, ஈரமான தண்டவாளத்தில், பத்துப் பன்னிரண்டு பெட்டிகளோடு, அது பெரிய மலை. மாஸ்பரி உச்சி 811 அடிதான், ஆனால் அங்கே போய்ச்சேரும் முன் கொதிகலன் அழுத்தம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பது ஒரு தனி வயிற்றுக்கலக்கம். அதனால்தான் பெரிய வண்டிகளுக்கு முன்னால் இன்னொரு என்ஜின் சேர்ப்பார்கள். 1962 செப்டம்பர் 8 அன்று, மான்செஸ்டர்–போர்ன்மத் பைன்ஸ் எக்ஸ்பிரஸ் இந்த வழியாகக் கடைசியாக ஓடியபோது 'ஈவினிங் ஸ்டார்' என்ஜின் 12 பெட்டிகளைத் துணையில்லாமல் இழுத்துக்கொண்டு போனது. பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய கடைசி நீராவி என்ஜின் அது, வயது இரண்டரை. என் பாதைக்குள் அதை விடமாட்டேன். என் சனிக்கிழமைக்கு அது இன்னும் பிறக்கவில்லை. இணையத்தில் பார்க்கும் எஸ் அண்ட் டி-க்களில் பாதியில் அது எல்லா வருடத்திலும் ஓடுகிறது, என்ன செய்ய, அழகான என்ஜின்.

டெம்பிள்கோம்ப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அங்கேதான் என் கணினி அழுதது. தெற்கே போகும் வண்டி அந்த ஸ்டேஷனில் நிற்க வேண்டுமானால் முதன்மைத் தடத்தை விட்டு ஒரு கிளையில் ஏறி மேலே போக வேண்டும். திரும்பி வர, வண்டியின் வாலில் இன்னொரு என்ஜினை மாட்டி, முழு வண்டியையும் பின்னோக்கி இழுத்து ஜங்ஷனுக்குக் கொண்டுவந்து, கழற்றிவிட்டு, பிறகு பயணம் தொடரும். ஒவ்வொரு வண்டிக்கும் இந்தக் கூத்து. மற்ற வண்டிகளைத் தானே நடத்தும் சிமுலேட்டரின் மூளைக்கு இது புரியவே இல்லை. எதற்கு இப்படி என்று அதுவும் நினைத்திருக்கும். 1963இல் ரயில்வேத் தலைவர் பீச்சிங் அறிக்கை வெளியிட்டு மூடவேண்டியவற்றைப் பட்டியல் போட்டபோது இந்தப் பாதையும் அதில் இருந்தது. ஒரு சனிக்கிழமையை இங்கே ஓட்டிப் பார்த்தவனுக்கு இரண்டு பக்கமும் தெரிகிறது. இத்தனை ஆட்கள், இத்தனை என்ஜின்கள், இவ்வளவு கூட்டம் சனிக்கிழமை மட்டும். செவ்வாய்க்கிழமையையும் ஒரு முறை கட்டிப் பார்த்தேன். மூன்று பெட்டி வண்டிகள், ஆளில்லாத பிளாட்பாரங்கள். அதற்குப் பிறகு பீச்சிங்கைத் திட்டுவது எனக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது.

விளையாட்டா வரலாறா என்று கேட்டீர்கள். ஒரு இடத்தில் இது விளையாட்டு மட்டும்தான், அதை மறைக்கக் கூடாது. கோம்ப் டவுன் சுரங்கம் 1,829 கஜம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல், நடுவே காற்றுப்போக்கி ஒன்றுகூடக் கிடையாது. சுவருக்கும் என்ஜினுக்கும் நடுவே இடமும் குறைவு. 1929 நவம்பர் 20 அன்று பாத்தை நோக்கி ஒரு கூட்ஸ் வண்டி ஏற்றத்தில் நடைவேகத்தில் அதற்குள் ஊர்ந்தது. புகையில் டிரைவரும் ஃபயர்மேனும் மயங்கி விழுந்தார்கள். என்ஜின் தானாக உச்சியைக் கடந்தது, அப்புறம் 50க்கு 1 இறக்கம். பாத் சரக்கு முற்றத்தில் போய் மோதியது. டிரைவரோடு, முற்றத்தில் இருந்த இரண்டு ஊழியர்களும் இறந்தார்கள். என்ஜின் எண் 89. ஆமாம், மேலே சொன்ன அதே என்ஜின். அது இன்றும் பிழைத்திருக்கிறது.

அந்தச் சுரங்கத்தை நான் டீ குடித்துக்கொண்டே கடக்கிறேன். புகை திரையில் அழகாகச் சுருள்கிறது. சுரங்கத்துக்குள் திரை மெல்ல இருளும்படி ஒரு நிரல் எழுதிப் பார்த்தேன். மலிவான நாடகமாக இருந்தது, எடுத்துவிட்டேன். இப்போது செய்வது ஒன்றுதான், என் நாளின் ஏற்ற வண்டிகளுக்குச் சுமையைச் சரியாக வைக்கிறேன், அவை உள்ளே எத்தனை நிமிடம் இருக்கின்றன என்று எழுதிவைக்கிறேன்.

வெள்ளைக்காரன் ரயில் என்பது பற்றி எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. ராட்ஸ்டாக்கில் கரி ஏற்றியவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், அவர்களின் சுரங்கங்களும் 1973இல் மூடப்பட்டுவிட்டன. நம் மீட்டர்கேஜை விட்டுவிட்டு அதை ஏன் என்றால், அங்கே வரைபடம், வேலை அட்டவணை, புகைப்படம் எல்லாம் வீட்டிலிருந்தே கிடைக்கின்றன. நம்முடையதற்கு உங்கள் அப்பா போன்றவர்களின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

மகனுக்கு: 71 மைல் வேண்டாம். ஒரே ஒரு ஸ்டேஷன், ஒரே ஒரு தேதி. மிட்ஃபோர்டு போல ஒற்றைத் தடம் முடிந்து இரட்டைத் தடம் தொடங்கும் இடமாக இருந்தால் உத்தமம். என்ஜினைக் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள். முதலில் மணியை வைக்கட்டும். அந்தக் கேபினில் இருந்தவருக்கு அடுத்த கேபினிலிருந்து வந்த முதல் செய்தி மணியோசைதான். எக்ஸ்பிரஸ் வரலாமா என்றால் நான்கு அடி, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் பாசஞ்சர் என்றால் மூன்று, சிறு இடைவெளி, ஒன்று. வண்டி உன் பகுதிக்குள் நுழைந்துவிட்டது என்றால் இரண்டு. வண்டி முழுதாக வந்துசேர்ந்துவிட்டது என்றால் இரண்டு, இடைவெளி, ஒன்று.

உங்கள் அப்பாவின் ஸ்டேஷனில் மெயில் வண்டிக்கு எத்தனை அடி அடித்தார்கள், கூட்ஸுக்கு எத்தனை என்று பேரனை விட்டுக் கேட்கச் சொல்லி எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.