ஆலிவ் இலையின் கசப்பில் இருக்கும் மருந்து

ஆலிவ் இலையிலிருந்து பயனுள்ள சேர்மங்களை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள், அதனால் இரத்த அழுத்தம் குறையும் என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். மூலிகைச் சாறுகளைப் பகுப்பாய்வு செய்யும் வேலையில் இருப்பதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இலையின் கடுங்கசப்புக்குக் காரணம் ஒலியூரோபீன் என்ற பாலிஃபீனால் வகைத் தாவரச் சேர்மம். நன்கு உலர்த்திய இலையில் அது பெரும்பாலும் 6 முதல் 9 சதவீதம் வரை இருக்கும். நீரில் கரையும் தன்மையுடையது என்பதால் ஆலிவ் எண்ணெயில் மிகக் குறைவாகவே சேர்கிறது. ஸ்பெயினின் ஹாயென் பகுதியில் அறுவடைக்குப் பின் மரங்களைக் கவாத்து செய்யும்போது மலைபோல் குவியும் இலைகளில் பெரும்பகுதி எரிக்கப்பட்டோ கால்நடைத் தீவனமாகவோ போய்விடுகிறது என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் செய்தி.

பிரித்தெடுப்பில் பலரும் கரைப்பானைப் பற்றியே பேசுகிறார்கள். என் பார்வையில் பாதி வேலை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பச்சை இலையை அப்படியே அரைத்தால் விழுது சிறிது நேரத்தில் பழுப்பேறிவிடும். செல்கள் உடைந்ததும் இலையிலுள்ள நொதிகள் ஒலியூரோபீனைச் சிதைக்கத் தொடங்குவதே காரணம். ஆகவே முதலில் இலையைக் கொதிநீரிலோ நீராவியிலோ சிறிது நேரம் காட்டி நொதிகளை முடக்குகிறார்கள், அல்லது விரைவாக உலர்த்திவிடுகிறார்கள். பிறகு பொடித்து, 70 சதவீத அளவிலான எத்தனால் கலந்த நீரில் ஊறவைத்து வடிகட்டி, குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கினால் அடர்சாறு கிடைக்கும். மீயொலி அலைகளைச் செலுத்தினால் ஊறும் நேரம் வெகுவாகக் குறைகிறது. மிகுந்த அழுத்தத்தில் வாயுவாகவும் திரவமாகவும் நடந்துகொள்ளும் கார்பன் டை ஆக்சைடைக் கரைப்பானாகக் கொள்ளும் மீவுய்ய (supercritical) முறை நவீனமானதுதான் என்றாலும், ஒலியூரோபீன் அதில் எளிதில் கரைவதில்லை. எத்தனாலைத் துணைக்குச் சேர்த்தே ஆக வேண்டும்.

உடல்நலப் பயனுக்கு வருவோம். 2011இல் வெளியான இந்தோனேசிய ஆய்வில், முதல் நிலை உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நாளுக்கு இருமுறை 500 மில்லிகிராம் சாற்றை 8 வாரம் எடுத்தபோது, கேப்டோபிரில் என்ற இரத்த அழுத்த மாத்திரை எடுத்தவர்களுக்குக் குறைந்த அளவுக்கு நெருக்கமாகவே அவர்களின் அழுத்தமும் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த குழு இல்லை என்பதை நான் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டேன். நியூசிலாந்தில் உடல் எடை கூடிய 46 ஆண்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில் ஆலிவ் இலைச் சாற்றால் இன்சுலின் உணர்திறன், அதாவது இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் திறன், சுமார் 15 சதவீதம் மேம்பட்டது; இரத்த அழுத்தமும் கொழுப்பும் மாறவில்லை. அவர்கள் எடுத்த ஒலியூரோபீன் நாளொன்றுக்கு 51 மில்லிகிராம் அளவே.

எனவே ஏற்கெனவே எடுக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறாதீர்கள். அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள், மருந்தும் சாறும் சேர்ந்து அளவுக்கு மீறிக் குறைக்கக்கூடும் என்பதால், மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். வாங்குவதாக இருந்தால், சாறு எத்தனை மில்லிகிராம் என்பதை மட்டும் பார்க்காமல், அதில் ஒலியூரோபீன் எத்தனை சதவீதம் என்று குறிப்பிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத புட்டியை நான் வாங்குவதில்லை.