வாஷ்கேர் லேபிளை ஏன் ஒளித்தீர்கள்?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில், துணியை எப்படித் துவைப்பது என்று சொல்லும் வாஷ்கேர் லேபிள்களை ரிப்பனில் அடிக்கும் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் இரண்டு வருடம் ஆர்ட்வொர்க் செய்தேன். இப்போது கோவையிலும் பெங்களூரிலும், ஆப்களை எளிதாகப் பயன்படுத்தும்படி வடிவமைக்கும் யூஎக்ஸ் டிசைனர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். என் வேலைகளைக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் ஸ்விக்கி, ஸ்பாட்டிஃபை, ஐஆர்சிடிசி ஆப்களை என் கற்பனையில் மாற்றி வடிவமைத்து வைத்திருக்கிறேன். லேபிள் வேலையைச் சேர்க்கவில்லை, அது லோக்கல் வேலைதானே. எங்கிருந்தும் பதில் வரவில்லை. பிடிஎஃப் போதுமா, வெப்சைட் வேண்டுமா? எத்தனை வேலைகளைக் காட்டலாம்?

வாசகி, திருப்பூர்

அன்புள்ள அம்மிணி,

நீங்கள் அனுப்பிய போர்ட்ஃபோலியோ லிங்கைத் திறந்து பார்த்தேன். நிறங்கள் உறுத்தவில்லை, எழுத்துகளுக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. நல்ல கை. அதனால்தான் கோபம் வருகிறது.

பிடிஎஃப்போ வெப்சைட்டோ, போனில் சட்டென்று திறந்தால் சரி. எண்ணிக்கை மூன்று போதும். எந்த மூன்று என்பதுதான் பேச்சே.

ஸ்விக்கியை மாற்றச் சொல்லி உங்களிடம் யார் கேட்டார்கள்? 'இதற்குக் காசு இல்லை', 'இது வெள்ளிக்கிழமைக்குள் வேணும்' என்று யாராவது மறித்தார்களா? கையைக் கட்டிப்போட்டால் இந்தப் பெண் என்ன செய்வாள் என்றுதான் ஆள் எடுப்பவர் பார்ப்பார். உங்கள் பக்கங்களில் அதற்கு விடை இல்லை.

லோக்கல் வேலையாம்! நீங்கள் அடித்த ரிப்பன் ஏதோ ஒரு ஜெர்மன்காரனின் இடுப்போரத்தில் உரசிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் பேத்தியின் பனியனில் லேபிள் குத்துகிறது என்று கத்தரிக்கோல் எடுத்தவன், அதைப் படிக்க உட்கார்ந்துவிட்டேன். தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப்பெட்டி, வட்டம். துவைக்க, வெளுக்க, உலர்த்த, தேய்க்க, டிரை கிளீன் செய்ய. இந்தக் குறிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 3758 கேட்கும் வரிசையும் இதுதான். தொட்டிக்குள் 30 என்றிருந்தால் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது. தொட்டிக்கு அடியில் ஒரு கோடு இருந்தால் மெதுவாகத் துவைக்க வேண்டும். 1963இல் பாரிஸில் தொடங்கிய ஜினெடெக்ஸ் என்ற அமைப்பு வளர்த்த குறிகள். ஐகான் வரைகிறவர்கள் இதைப் படிக்காமல் வேறு எதைப் படிக்கிறார்களோ!

இளவயதில் நானும் அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு லேபிள் யூனிட்டில் புரூஃப் பார்த்தவன். அங்கே லேஅவுட் போட்ட அண்ணன் ஒருவர், ஆர்ட்வொர்க் வந்ததும் உடனே அச்சுப் பிளேட் போட விடமாட்டார். துண்டு ரிப்பனை மடித்து, பனியன் தையலுக்குள் செருகிப் பார்ப்பார். தையலுக்குள் போகும் ஓரத்தில் ஓர் எழுத்தும் நிற்கக்கூடாது. மடிப்பின் மேல் குறி விழக்கூடாது. 'காட்டன்' என்பது ஆறேழு மொழியில் வரவேண்டும். எழுத்தைச் சிறிதாக்கினால் சாட்டின் ரிப்பனில் மை பரவி எழுத்துச் சுழிகளின் நடுவெளி அடைந்துவிடும். ரிப்பனை நீட்டினால் விலை ஏறும், ஆர்டர் கொடுத்த பையர் ஒத்துக்கொள்ளமாட்டான். ஒருமுறை ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒருவர் வந்து, லோகோவைப் பெரிதாக்கியே தீரவேண்டும் என்று நின்றார். அண்ணன் வாதாடவில்லை. கேட்டபடியே அடித்து, பனியனில் தைத்துக் கையில் கொடுத்தார். லோகோவின் தலை தையலுக்குள் போயிருந்தது. "போதுங்களா, இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணட்டுங்களா?" என்றார்.

நீங்கள் இரண்டு வருடம் செய்ததும் இதே வேலைதானே? அதை ஒளித்துவிட்டு ஸ்பாட்டிஃபைக்குப் பச்சை நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்!

லேபிள் இரண்டை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பையர் அனுப்பிய முதல் தாள், திரும்பி வந்த சாம்பிள், ஏன் திரும்பியது, நீங்கள் எதை மாற்றினீர்கள், எதை மாற்ற முடியாமல் விட்டீர்கள் எல்லாவற்றையும் போடுங்கள். எது உங்கள் கை, எது மற்றவர் கை என்பதையும் எழுதுங்கள். பையரின் பெயரை மறைத்துவிடுங்கள். மூன்றாவதாக ஐஆர்சிடிசி இருக்கட்டும். ஆனால் ஈரோடு ஜங்ஷனில் நாலு பேரை உங்கள் ஸ்க்ரீனில் டிக்கெட் எடுக்கச் சொல்லி, எங்கே திணறுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திருத்துங்கள். ஸ்விக்கி, ஸ்பாட்டிஃபை இரண்டையும் இன்றைக்கே நீக்கிவிடலாம்.

அப்புறம், யூனிட் ஓனரிடம் அனுமதி கேட்காமல் எதையும் போடவேண்டாம். கேட்கக் கூச்சமாக இருந்தால் அவர் நம்பரை அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.