வொண்டர் உமனின் பிறப்புக் கதை ஏன் திரும்பத் திரும்ப மாற்றி எழுதப்படுகிறது?

வொண்டர் உமன் 1941-இல் அறிமுகமான அமெரிக்கப் படக்கதை நாயகி. வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் எழுதி, எச். ஜி. பீட்டர் வரைந்து 1942-இல் வெளியான மூலப் பிறப்புக் கதையில், கிரேக்கப் புராணத்துப் போர்வீராங்கனைகளான அமேசான்களின் அரசி ஹிப்போலிட்டா களிமண்ணில் வனைந்த குழந்தைக்குத் தெய்வ அருளால் உயிர் வருகிறது. ஆண் தொடர்பே இல்லாத பிறப்பு அது. அந்தக் களிமண்ணை ஒவ்வொரு தலைமுறையும் என்ன செய்தது என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

1987-இல் ஜார்ஜ் பெரெஸ் தலைமையில் தொடர் புதிதாகத் தொடங்கியபோது, களிமண்ணை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு முன்கதை ஒன்று சேர்க்கப்பட்டது. ஆண்களின் வன்முறைக்குப் பலியான பெண்களின் ஆன்மாக்களே அமேசான்களாக மறுபிறவி எடுத்தார்கள் என்றும், ஆதிகாலத்தில் கருவுற்ற நிலையில் கொல்லப்பட்ட ஒருத்தியே ஹிப்போலிட்டா என்றும், பிறக்காமலே போன அவளுடைய சிசுதான் டயானா (வொண்டர் உமனின் இயற்பெயர்) என்றும் கதை விரிந்தது. ரகசிய அடையாளமும் விமானி ஸ்டீவ் ட்ரெவருடனான காதலும் கைவிடப்பட்டன. பாஸ்டனுக்கு வரும் டயானாவுக்கு ஆங்கிலமே தெரியாது, ஒரு பேராசிரியையிடம்தான் கற்றுக்கொள்கிறாள். பெண்ணியம் பரவலாகப் பேசப்பட்ட காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான மாற்றம் அமைந்திருக்காது என்பது என் கருத்து.

2011-இல் எழுத்தாளர் பிரையன் அஸ்ஸரெல்லோவும் ஓவியர் கிளிஃப் சியாங்கும் நேரெதிர்த் திசையில் சென்றார்கள். அவர்களுடைய கதையில், களிமண் பிறப்பு என்பது, கிரேக்கக் கடவுளரின் அரசன் ஜீயஸின் மனைவியான ஹேராவின் கோபத்திலிருந்து மகளைக் காக்கத் தாய் சொன்ன பொய். உண்மையில் டயானா ஜீயஸின் மகள். குடும்பப் பகைக்கு இது நல்ல தீனிதான். ஆனால், தந்தையே இல்லாதவளாகப் படைக்கப்பட்டவளின் வலிமைக்கு ஒரு தந்தையைக் காரணமாக்கியதால், மூலக் கதையின் உயிர்நாடியே அறுந்துவிட்டது என்று வாசகர்கள் பலர் ஆட்சேபித்ததில் நியாயம் உண்டு.